ஹாலில் ஒரு மிசின் ரூம்

காதில் மாட்டுகிற மிசினை நைனா கழற்றும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழற்றுவதற்கென்றே அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வலது காது, பிறகு இடது காது. இரண்டையும் பனியன் நுனியில் துடைத்து, அவை வந்த சின்ன டப்பாவில் அருகருகே படுக்க வைத்து, மூடியை 'டப்' என்று மூடுவார். அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கும். அதன் பிறகு நான் கத்தினாலும் அவருக்குக் கேட்காது.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷத்துக்கு மேல் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் மிசின் ரூமில் வேலை பார்த்தவர். காது அங்கேயே போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் போனதே எங்களுக்குத் தெரியவில்லை. முதலில் டிவி சத்தம் கூடியது. பிறகு நாங்கள் பேசுகிற சத்தம் கூடியது. அம்மா செத்த பிறகு பேசுவதே குறைந்துபோனது. மந்தைவெளியில் ஒரு டீக்கடை பெஞ்சில் அவர் வயசு ஆட்கள் நாலு பேர் தினமும் காலையில் உட்கார்ந்து ஊர் உலகத்தைத் திட்டுவார்கள். நைனாவும் போய்த் திட்டிவிட்டு வருவார். ஒருநாள் மற்றவர்கள் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்க, இவர் போன வாரத்து விஷயத்தைப் பிடித்துத் திட்டியிருக்கிறார். "செவுடன் கச்சேரி ஆரம்பிச்சிட்டான்பா" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எது எதுவோ கேட்காத மனுஷனுக்கு அது மட்டும் கேட்டுத் தொலைத்தது. அன்றிலிருந்து ஹால் கட்டிலோடு சரி.

அதனால்தான் அடையாறில் காது பரிசோதிக்கிற இடத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் பொறுமைசாலி. இரண்டு காதுக்கும் மாட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். "காதுக்கு வேலையே குடுக்காம ரொம்ப நாள் விட்டுட்டா, அப்புறம் சத்தம் கேட்டாலும் பேச்சு புரியாமப் போயிடும் மேடம். எழுந்ததுலேர்ந்து தூங்கற வரைக்கும் போட்டிருக்கணும். முதல் மூணு மாசம் விட்டுடாதீங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் நைனா ஒரு குழந்தை மாதிரி நாலா பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, ஊரு இம்மாம் சத்தம் போடுது!" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. மூன்று மாதத்துக்குள் இந்த மனுஷனை மறுபடி பேச்சுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, 'டப்'.

"ஏன் நைனா கழட்டுன?" என்று காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன்.

"இரைச்சலா கீதும்மா."

"இன்னா இரைச்சலு? இங்க யாரு கத்துறா?"

டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். மிசின் டப்பாவுக்குள் போய்விட்டதே, நான் கேட்டது அவருக்கு எங்கே விழும்? அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. தினமும் இதே கதை. காலையில் மாட்டிக்கொள்வார், பேப்பர் படிப்பார், இட்லி சாப்பிடுவார், நாலு வார்த்தை பேசுவார். பத்து மணிக்கு 'டப்'. நான் சைகையில் காட்டி, மிரட்டி, கெஞ்சி, கடைசியில் கத்துவேன். கீழ் வீட்டு அம்மா மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அப்பாவுக்கு ஒடம்பு நல்லாருக்கா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்க ஆரம்பித்தார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக நாங்கள் நைனாவின் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசிப் பழகியிருந்தோம். மறைவாகப் போய்ப் பேச வேண்டிய அவசியமே இல்லை. பாலவாக்கத்திலிருந்து தம்பி போன் செய்தால், கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, "இன்னிக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு கீறாரு, சரியான அழுத்தம்டா" என்பேன். அவர் டிவியில் ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார். நல்ல வசதியாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பத்து மணிக்கு அவர் ஏன் கழற்றுகிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பத்து மணிக்குத்தான் நான் வேலைக்கு உட்காருவேன். இன்னும் கட்டாத கட்டடங்களுக்குக் கட்டி முடித்த மாதிரி படம் செய்து தருவது என் தொழில். சோபா, திரைச்சீலை, பால்கனியில் மாலை வெயில், எல்லாம் இருக்கும். ஒரு படத்துக்காகக் கம்ப்யூட்டர் நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அதற்கான கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாக வாங்கி, நானே திருகு போட்டு முடுக்கிக் கட்டினேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருக்கிற வீட்டில் ஹால் ஒன்று, அறை ஒன்று. அறை முழுக்க என் கட்டிலும் பீரோவும். அதனால் என் மேஜை ஹாலில், நைனாவின் கட்டிலுக்கு எட்டடி தூரத்தில் இருந்தது.

மேஜையைத் தச்சரிடம் சொல்லிச் செய்தது. கம்ப்யூட்டர் பெட்டியை வைக்க வலது பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி, அதற்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. பின்பக்கமும் பலகை அடித்து, ஒயர் போக மட்டும் ஒரு ஓட்டை. தூசி படக்கூடாது என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டது. எனக்குத் தெரிந்த எல்லார் வீட்டு மேஜையிலும் அப்படி ஓர் அலமாரி இருந்தது. உள்ளே ஃபேன்கள் போடும் சத்தத்தோடு நாலு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். எனக்கு அது சத்தமாகவே தெரியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி அடையாறுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் நைனாவின் மிசினைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஒரு நாளைக்கு ரெண்டு, ரெண்டரை மணி நேரம்தான் போட்டிருக்கார் மேடம். எல்லாம் இதுலயே பதிவாகும்."

"நல்லா கேளுங்க. நான் சொன்னா அவருக்கு ஏறவே மாட்டேங்குது" என்றேன். சாட்சி கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

"அந்த நேரத்துலயும் கொஞ்ச நேரம் பலமா இரைச்சல் பதிவாகியிருக்கு. வீட்டுல ஏதாவது மெஷின் ஓடுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லயே."

"கீதே" என்றார் நைனா. மிசின் காதில் இருந்ததால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அதான் உன் கம்ப்யூட்டரு. இத்த மாட்னா அது ஒண்ணுதான் கேக்குது. திரும்பவும் மிசின் ரூம்ல குந்த வெச்ச மாரி கீதும்மா. முப்பது வருசம் குந்தினேன், போதும்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. தெனமும் சொன்னேனே, இரைச்சலா கீதுன்னு."

அந்தப் பெண் தலையைக் குனிந்து எதையோ எழுத ஆரம்பித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்கு அடுத்து வருவது கோபம்தான். இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்கலாமே, கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டியிருக்கலாமே என்று வீடு வரும்வரை மனசுக்குள் அவரையே திட்டிக்கொண்டு வந்தேன். மூன்று மாதத்தில் பாதி போயிருந்தது.

மறுநாளே கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். சத்தம் வெளியே வராத, உள்ளே சூடு தங்காத ஒரு கேபினெட். இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் பாகங்களை வைத்து மூடுகிற பெட்டியைக் கடைக்காரர்கள் கேபினெட் என்றுதான் சொல்வார்கள். முதல் கடையில் ஒருவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் வரலையா மேடம்?" என்றார்.

"எந்த சார்?"

"இல்ல... பையனுக்கு கேம் ஆடவா? எந்த கிளாசு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் நெற்றியிலேயே ஒரு திருகைப் போட்டு முடுக்கியிருப்பேன். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பையனும் இல்லை, இது என் தொழிலுக்கு என்று சொன்னேன். அதற்கும் அவர் அசரவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து ஸ்விட்சைத் தட்டினார். உள்ளே சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி எரிந்தது. கல்யாண மண்டப வாசலில் கூட அவ்வளவு சீரியல் பல்பு போட மாட்டார்கள்.

"முன்னாடி கண்ணாடி இருந்தா காத்து எதால உள்ள வரும்?" என்று கேட்டேன்.

"ஏழு கலரு மாறும் மேடம். ரிமோட்டு கூட கீது."

ஐந்து கடை ஏறி இறங்கினேன். ஐந்திலும் விளக்குதான். சத்தமில்லாதது வேண்டும் என்றால் ஏதோ ஜுரத்தில் உளறுகிறேன் என்பதுபோல் பார்த்தார்கள். ஆறாவது கடையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. விளக்கு இல்லை. முன்பக்கம் தடித்த கதவு. கதவிலும் பக்கவாட்டிலும் உள்ளே மெத்தை மாதிரி நுரை ஒட்டியிருந்தார்கள். சத்தத்தை அது குடித்துவிடும் என்று அட்டையில் போட்டிருந்தது. கடைக்காரர், "உங்க கிராஃபிக்ஸ் கார்டுக்கு இது சூடாவும் மேடம், யோசிச்சுக்கோங்க" என்றார். ஐந்து கடைக்காரர்கள் மேல் இருந்த கோபத்தில் ஆறாவது ஆள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு வேலை தெரியும், நீங்கள் பில்லைப் போடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பழைய பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிப் புதியதில் மாற்றினேன். அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஆன் செய்ததும் அப்படி ஓர் அமைதி. நைனாவைக் கூப்பிட்டு, மிசினை மாட்டச் சொல்லி, "இப்ப?" என்றேன். "ஆங், பரவால்ல" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டர் படத்துக்குக் கணக்குப் போட ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அலமாரிக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. பிறகு அது கூடிக்கொண்டே போய், பழைய பெட்டியை விடக் கேவலமாக அலறியது. நுரையும் கதவும் சத்தத்தைத் தடுத்தன, சரி. காற்றையும் சேர்த்துத் தடுத்தன. உள்ளே சூடு ஏற ஏற, அதைத் தள்ள ஃபேன்கள் வேகமெடுத்தன. வேகமெடுத்தால் சத்தம். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தே செய்திருக்கிறேன். எனக்குப் பின்னால் 'டப்' என்று கேட்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ரிச்சி தெரு. விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது என்று அங்கே போர்டு இருந்தது. போன தடவையும் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. "அன்னிக்கே சொன்னேனே மேடம், சூடாவும்னு" என்றார் அவர் மெதுவாக. நான் நடுக்கடையில் நின்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் பெட்டியைத் துடைத்து மறுபடி என் பக்கமே தள்ளி வைத்தார். அவர் சொன்னது சரி என்பதுதான் என்னை அவ்வளவு கத்த வைத்தது என்று இப்போது தெரிகிறது.

தி. நகரில், துணிக்கடைகளுக்குப் பின்னால் போகிற ஒரு சந்தில், மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒரு பாய் இருக்கிறார் என்று எனக்கு வேலை தருகிற ஒரு பில்டர் சொன்னார். நாற்பது வயசு இருக்கும். நான் போனபோது போனில் யாரோடோ உருதுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. போனை வைத்துவிட்டு நான் சொன்ன கதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொட்டிய எங்க வெச்சிருக்கீங்க?"

போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். கதவும் பூட்டும் மைக்காவுமாக என் மேஜை. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார், அடக்கிப் பார்த்தும் முடியாமல்.

"இன்னாக்கா இது, பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு மூச்சு வுடுன்னா எப்டி வுடும்? நீங்க தங்கத்துல கேபினெட்டு வாங்கிப் போட்டாலும் கத்தத்தான் செய்யும்."

"தூசி..."

"தூசியத் தொடச்சுக்கலாம். மொதல்ல கதவையும் பின்னாடி பலகையையும் கழட்டுங்க. ஒரு நாளு ஓட்டிப் பாருங்க. அப்பறமா வாங்க, பாப்போம்."

எனக்கு அவரிடமே ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு அன்றைக்கே கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். அவரோ விற்க மாட்டேன் என்கிறார். அந்த வெயிலில் பஸ் பிடித்து வந்தவளிடம் பொருள் தரமாட்டேன் என்கிற வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. விறுவிறுவென்று படியிறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கதவைக் கழற்றினேன். பின்பலகையில் தச்சர் ஆணி அடித்திருந்தார், அது வரவில்லை. சுத்தியலை எடுத்து உள்ளேயிருந்து நாலு போடு போட்டேன். மைக்கா உடைந்து தெறித்தது. கட்டிலில் இருந்த நைனா எழுந்து உட்கார்ந்து பார்த்தார். பலகை விழுந்தபோது உள்ளேயிருந்து வந்த சூடு, இட்லிப் பானையைத் திறந்தால் அடிக்குமே, அப்படி முகத்தில் அடித்தது. நாலு வருஷமாக அதற்குள் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் பூட்டி, சாவியை மேஜை டிராயரில் பத்திரமாக வேறு வைத்திருந்தேன்.

சத்தம் பாதியாகக் குறைந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி தி. நகர் போனேன். பாய் தன் கடை மூலையில் மோடத்துக்கு ஸ்டூலாகப் போட்டிருந்த ஒரு பெட்டியை இழுத்துத் துடைத்தார். சாதாரணக் கறுப்பு இரும்பு. முன்பக்கம் முழுக்கக் கொசுவலை மாதிரி சல்லடைக் கம்பி. விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை. விளக்கு இல்லை என்பதற்காகவே ஒருவரும் வாங்காமல் கிடந்ததாம். உள்ளே மூன்று ஃபேன்கள், ஒவ்வொன்றும் சட்னித் தட்டு அகலம். "சின்ன ஃபேனு வேகமா சுத்தி செய்யற வேலைய, பெருசு மெதுவா சுத்தியே செஞ்சுடும்கா. மெதுவா சுத்துனா ஏன் கத்தப் போவுது?" என்றார். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க, பின்னால் ஒன்று தள்ள வேண்டும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள் என்றார்.

பெட்டியை அலமாரியில் வைக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே, கட்டிலிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, ஒரு மணையின் மேல் வைத்தேன். ஃபேன்களின் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, சூட்டைப் பார்த்துப் பார்த்து அரை நாள் உட்கார்ந்து சரி செய்தேன். பக்கத்தில் குனிந்து கேட்டால்கூட மூச்சு மாதிரி ஒன்று கேட்கும், அவ்வளவுதான். நைனா மிசினை மாட்டிக்கொண்டார். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதும் அது காதில்தான் இருந்தது. நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் ஒரு புது ஆள் இருந்தார். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வார். பழைய பேப்பர் வண்டியில் ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு வந்தவனோடு ஜன்னல் வழியாக வம்பு வளர்த்தார். "பல்லி கத்துதும்மா, நல்ல சகுனமா பாரு" என்றார். இரண்டாம் வாரம் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். திரும்பி வந்து, "அந்தச் செவுடன்னு சொன்னான் பாரு, அவனுக்கு இப்ப சுத்தமா காது கேக்கல" என்று சொல்லி அப்படிச் சிரித்தார். அன்று எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. உடைந்த மேஜையைப் பார்த்தால்கூடச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் வாரத்துச் சனிக்கிழமை தம்பி போன் செய்தான். மறுநாள் வந்து நைனாவைப் பாலவாக்கத்துக்கு அழைத்துப் போய்ப் பத்து நாள் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். இரண்டு தடவை தள்ளிப்போட்டு மூன்றாவதாகச் சொன்ன நாள் அது. எனக்கும் அந்தப் பத்து நாளில் முடிக்க வேண்டிய பெரிய வேலை ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் படத்துக்கான கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நைனா கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து, முறத்தில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"யக்கா, நாளைக்கு ஆவாதுக்கா. மாமியாரு வந்து கீறாங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

எனக்குத் தலைக்கு ஏறியது. எப்போதும்போல நின்ற இடத்திலேயே நின்றபடி ஆரம்பித்தேன்.

"எனக்கு மட்டும் இன்னாடா தலையெழுத்து? பத்து நாளு இட்டுக்கினு போவ உனக்கு அவ்ளோ வலிக்குதா? இந்த ஹால்ல இந்த மனுசன் மூஞ்சியப் பாத்துப் பாத்தே என் காலம் போச்சு. ஒரு கல்யாணம் உண்டா, ஒரு நாடு நகரம் போனதுண்டா? அம்மாவுக்குப் பதிலு இவரு போயிருந்தாக்கூட நான் நல்லா இருந்திருப்பேன்."

யோசித்துச் சேர்த்து வைத்துச் சொன்னதில்லை அது. வாயில் வந்தது. அந்த மாதிரி வாயில் வருவதையெல்லாம் ஆறு வருஷமாக அதே இடத்தில் நின்று சொல்லியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. தம்பிதான் மறுமுனையில், "யக்கா, மெதுவாக்கா" என்றான். அப்போதுதான் என் குரல் அந்த ஹாலில் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று எனக்கே கேட்டது. ஜன்னலடியில் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு மிசினும் காதில் இருந்தன. நைனா குனிந்த தலை நிமிராமல் ஒரு அவரைக்காயின் நுனியைக் கிள்ளி, நாரை இழுத்து, முறத்தின் ஓரத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார். நான் போனை வைத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, எதையோ தேடுவதுபோல மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தேன். காய் முழுக்க உரித்து முடித்த பிறகு அவர் கேட்டார்.

"தம்பி நல்லா கீறானா?"

"கீறான்."

"மாமியாரு வந்து கீறாங்களா?"

"ஆமா."

"சரி. இந்தக் காய் போதுமா பாரு."

போதும் என்றேன். மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கத்தத் தெரியும், சண்டை போடத் தெரியும், ஒரு மேஜையைச் சுத்தியலால் உடைக்கத் தெரியும். இது தெரியவில்லை. அன்று முழுக்க மிசின் அவர் காதிலேயே இருந்தது. நான் பாத்திரத்தைக் கூட மெதுவாக வைத்தேன். சாப்பாடு போட்டபோது, "கோவத்துல ஏதோ பேசிட்டேன் நைனா" என்று ஆரம்பித்தேன். "கொழம்பு நல்லா கீது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் டீக்கடைக்குப் போகவில்லை. காபி எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டிலில் உட்கார்ந்து பேப்பரை விரித்திருந்தார். அந்தச் சின்ன டப்பா மூடியபடி டிவி மேல் இருந்தது. நான் காபியைக் கீழே வைத்துவிட்டு, டப்பாவை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். ஏன் என்று கையால் கேட்டேன்.

நைனா என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு அதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். அவர் சாதாரணமாகத்தான் பார்த்தார், காபியை எடுத்துக்கொண்டார்.

"இரைச்சலா கீதும்மா" என்றார்.

கம்ப்யூட்டரை நான் அன்று இன்னும் போட்டிருக்கவே இல்லை.